அத்தானை இரண்டாம் ஆளாக அனுப்பி வைப்பது பற்றி

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தம்பி பெண்டாட்டியும், தங்கள் மருமகளான என் மகளும், கடையில் விலைபோகாமல் நிற்கும் பழைய ஃபிரிட்ஜுகளும் நலம். அங்கே தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது அத்தானை நலமாக வைத்துக்கொள்ளவும். அவரால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிக்ஸியையும் போடுவீர்கள், அத்தான் நான் சொல்வதற்கெல்லாம் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார், கடைசியில் என்ன ஆகட்டும் என்பது அவருக்கே தெரியாது. கடிதமென்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிப்பார். நாளைக்கே கைக்குக் கிடைக்கும்படி கூரியரில் அனுப்புகிறேன்.

விஷயம் தங்கள் மருமகளின் மேல்படிப்பு. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். அருமையான மார்க் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை. "ஏதோ பாஸாகியிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். படித்தால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான், இல்லாவிட்டால் உங்கள் கடையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நடக்கப் பழகிய நாளிலிருந்து கடையிலேயே கிடந்தவள். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள், சொன்னால் சரியாகவும் இருக்கும், ஆனால் அதை முகத்துக்கு நேராகப் புகழ்ந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்பதால் "வாயை மூடிக்கிட்டு ஸ்க்ரூவைப் பிடி" என்பதுதான் என் வழக்கம். சரி, படிக்கட்டும் என்றேன். ஆனால் என் கைக்கு எட்டுகிற காலேஜாக இருக்க வேண்டும். முதல் வருடம் மகளைச் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் கடையை விற்கிற காலேஜாக இருக்கக் கூடாது. இதற்காக இவளையும் கூட்டிக்கொண்டு காலேஜ் காலேஜாக ஏறி இறங்கினேன்.

அக்கா, என் தொழில் உனக்குத் தெரியும். (இதுவரைக்கும் தாங்கள், தங்கள் என்று எழுதியதில் கை கடுக்கிறது. இனிமேல் நீதான்.) பழைய சாமான் வாங்கப் போறவனுக்கு முகம்தான் முதல். ஒரு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பாக்கப் போனா, ஃபிரிட்ஜைப் பாக்கவே கூடாது. பக்கத்துல கிடக்கிற கட்டிலைப் பாத்து "இது என்ன விலை?"ன்னு கேக்கணும். அப்புறம் போனாப் போகுதுன்னு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி, கதவைத் திறந்து மூடி, உதட்டைப் பிதுக்கி, "ரப்பர் போச்சு, கேஸ் போச்சு, இதைத் தூக்கிட்டுப் போற கூலிக்குக்கூட ஆகாது"ன்னு சொல்லணும். எவ்வளவு பிடிச்சிருக்கோ அவ்வளவு திட்டணும். திட்டி முடிச்சதும் எழுந்து நடக்கணும். திரும்பிப் பாக்காம நடக்கணும், ஆனா கூப்பிட்டா காதுல விழற மாதிரி நடக்கணும். வாசலைத் தாண்டறதுக்குள்ள கூப்பிட்டுடுவாங்க. கூப்பிட்டுட்டா அப்புறம் நாம சொன்னதுதான் விலை. எனக்குத் தெரிஞ்ச வித்தை இது ஒண்ணுதான், இதை வச்சுத்தான் குடும்பம் ஓடுது, காலேஜும் ஒரு சாமான்தானேன்னு நினைச்சுட்டேன்.

முதல்ல போன காலேஜ் வாசல்ல நீரூற்று. உள்ளே கால் வச்சா குளுகுளுன்னு ஏசி. டை கட்டின ஒரு அதிகாரி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கி, காபி கொடுத்து, நீச்சல் குளத்தைக் காட்டினார், உடற்பயிற்சிக் கூடத்தைக் காட்டினார், பிள்ளைங்களுக்கு முடி வெட்டற இடத்தைக் காட்டினார். வகுப்பறை எங்கேங்கன்னு கேட்டேன். அதை அடுத்த தடவை வரும்போது நிதானமாப் பாக்கலாம்னார். கட்டணத்தை வாயால சொல்ல அவருக்கே கூச்சம் போல, கால்குலேட்டர்ல அடிச்சு என் பக்கம் திருப்பி வச்சார். அதைப் பாத்ததும் எனக்குத் திட்டறதுக்குக்கூட ஒரு வார்த்தை வரலை. "ரொம்ப நல்லா இருக்குங்க, சந்தோஷம்"னு கும்பிட்டுட்டு எழுந்தேன். நாற்காலியை விட்டு முழுசா எழுந்திருக்கறதுக்குள்ளேயே கூப்பிட்டுட்டார். பெண் பிள்ளைன்னு ஒரு சலுகை, அப்பா சொந்தத் தொழில்னு ஒரு சலுகை, காலையிலேயே வந்ததுக்கு ஒரு சலுகை. நான் நடக்க நடக்க கட்டணம் இறங்கிக்கிட்டே வருது. வாசல் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்தா, பேட்டரி வண்டியில பின்னாடியே வந்து இன்னும் கொஞ்சம் குறைக்கறார். விக்கறவன் தெருமுனை வரைக்கும் துரத்திக்கிட்டு வந்தா உள்ளே கேஸ் இல்லைன்னு அர்த்தம். பஸ் ஏறிட்டோம். அதுக்கப்புறம் அந்த காலேஜிலேர்ந்து ஒரு பொண்ணு தினமும் போன் பண்ணி "சார், சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குது. கூடப் பொறந்தவ நீ ஒரு நாள் கேட்டிருப்பியா?

அடுத்த காலேஜ்ல கட்டணம் கம்மி. ஆனா அது வாசலைத் தாண்டறதுக்கு மட்டும்தான். உக்காந்தா தனி, லேபுக்குத் தனி, லேபுல இருக்கிற மிஷினைத் தொட்டா அதுக்குத் தனி. சரி, மிஷினையாவது பாப்போம்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வரிசையா லேத் மிஷின்கள், கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு நிக்குது. நான் அசந்துட்டேன். இவ குனிஞ்சு, தரையில ஒரு விரலைத் தேய்ச்சு, என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. விரல் சுத்தமா இருக்கு. எண்ணெய்ச் சொட்டு ஒண்ணுகூட இல்லை. "ஓடின மிஷின் இல்லைப்பா, ஷோரூம் மிஷின்"னு காதுக்குள்ள சொன்னா. எனக்கும் அது அப்பவே தெரியும், சொல்லலை, அவ்வளவுதான். "பெரிய கண்டுபிடிப்பு, நட"ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அப்புறம்தான் உங்க ஊர் காலேஜுக்கு வந்தோம், உன் வீட்டிலேர்ந்து ரெண்டு நிறுத்தம் தள்ளி இருக்கே, அந்தப் பழைய காலேஜ். அன்னைக்கு உன் வீட்டுக்கு வராமப் போனதுக்கு நீ கோவிச்சுக்கிட்டேன்னு கேள்விப்பட்டேன். வந்தா அத்தான் காலேஜ் வரைக்கும் கூட வருவார், வந்தா எல்லாத்தையும் புகழுவார், அந்த பயத்துலதான் வரலை. சுவருக்கு வெள்ளையடிச்சு எந்தக் காலமோ. நீரூற்று கிடையாது, ஒரு குழாய் ஒழுகிக்கிட்டிருந்துச்சு. ஆனா ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னதுமே சூடு மூஞ்சியில அடிக்குது அக்கா. தரை கன்னங்கரேல்னு எண்ணெய் குடிச்சுக் கிடக்குது. பிள்ளைங்க கை முழங்கை வரைக்கும் கிரீஸ். ஒரு பொண்ணு மிஷினைத் திட்டிக்கிட்டே அதை ஓட்டிக்கிட்டிருக்கா. இவகிட்ட பஸ்ஸிலேயே சொல்லி வச்சிருந்தேன், எது பிடிச்சாலும் முகத்தை உம்முன்னு வச்சுக்கணும்னு. வச்சுக்கிட்டா, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா கை மட்டும் ஒரு பழைய லேத் மேல போய் உக்காந்துக்கிச்சு. நாங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பேசிக்கிட்டிருக்கோம், அந்தக் கை அங்கேயேதான் இருக்கு. அதைப் பாத்ததும், இந்த இடம்தான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். முடிவு பண்ணினதும் முறைப்படி வேலையை ஆரம்பிச்சேன்.

முதல்ல கட்டில் விலை கேக்கணும் இல்லையா? மெக்கானிக்கல் துறைக்குத் தலைவர் ஒரு அம்மா, குள்ளமா, கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு, ரொம்பப் பேசாத ஆள். அவங்ககிட்ட போய் "சிவில் இன்ஜினியரிங் எப்படிங்க?"ன்னு கேட்டேன். வேற யாராயிருந்தாலும் "ஏன், எங்க துறைக்கு என்ன குறைச்சல்?"னு நம்மளை மடக்குவாங்க. இந்த அம்மா "சிவில் பின்னாடி கட்டடம்"னு கையைக் காட்டிட்டுத் தன் வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. கேட்டதுக்காகப் போய்த்தானே ஆகணும். அங்கே இருந்த பெரியவரை யாருமே தேடி வர்றதில்லை போல, எங்களைப் பாத்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கான்கிரீட் கட்டியை மிஷின்ல வச்சு நொறுக்கிக் காட்டினார். ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணையும் நொறுக்கினார். இவ என்னை முறைக்கறா. அவர் இவ பேரைக் கேட்டு எழுதவே ஆரம்பிச்சுட்டார். வயித்து வலின்னு பொய் சொல்லி அங்கிருந்து தப்பிச்சு வந்தேன்.

திரும்பி வந்து அந்த அம்மா முன்னால உக்காந்தேன். கட்டணம் எவ்வளவுன்னு கேட்டேன். சொன்னாங்க. அக்கா, அதைக் கேட்டதும் சந்தோஷத்துல எனக்குப் புரை ஏறிடுச்சு. இருமற இருமலை அப்படியே அதிர்ச்சியா மாத்திக்கிட்டு "இவ்வளவா!"ன்னேன். "ஆமா, இவ்வளவுதான்"னாங்க. அப்புறம் நான் தொழில்ல காட்டின திறமையை நீ நேர்ல பாத்திருக்கணும். இந்த லேத் எல்லாம் என் பாட்டன் காலத்துதுன்னேன். ஜன்னல் துருன்னேன். தரை ஒரே பிசுக்குன்னேன். இந்தச் சாமானை எனக்குச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னேன். வேகத்துல இவளையும் விடலை. "பொண்ணும் சுமார்தாங்க, மந்தம், இங்கே போட்டா இன்னும் மோசமாப் போயிடும்"னேன். அந்த அம்மா ஒண்ணொண்ணுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்சதும் "அப்படியா? சரி"ன்னு எழுந்து கதவைத் திறந்து விட்டாங்க.

நான் நடந்தேன். இந்த மாதிரி ஒரு நடை நான் எந்த வீட்டு வாசல்லயும் நடந்ததில்லை. தாழ்வாரத்துல நின்னு அறிவிப்புப் பலகையைப் படிச்சேன். செருப்பு வாரைச் சரி பண்ணினேன். ஒழுகிக்கிட்டிருந்த குழாயை இறுக்கி மூடிட்டு, கூப்பிடறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுப்போம்னு மறுபடியும் திறந்து கையைக் கழுவினேன். வாசல்ல காவலாளிகிட்ட மணி கேட்டேன். அந்த ஆள் மணியைச் சொல்லிட்டு, "பஸ் அந்தப் பக்கம்"னார். யாருமே கூப்பிடலை அக்கா. பஸ் ஏறி உக்காந்ததும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். தொழிலுக்கு வந்த நாளா நான் திரும்பிப் பாத்தது அதுதான் முதல் தடவை. ஒரு காக்காகூட வரலை.

அன்னையிலேர்ந்து நான் போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு அலையறேன். குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சுக்கறேன். அடிச்சா எடுக்கறேன், எடுத்தா "சாப்பிட்டீங்களா சார்?"னு அந்த நீரூற்றுப் பொண்ணு. உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பாத்துச் சிரிக்கறா. "நீங்களே போன் பண்ணி, தெரியாம பேசிட்டேன், சீட் வேணும்னு கேட்டா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"ங்கறா. இவளுக்கென்ன, ஈஸியாச் சொல்லிடுவா. கல்யாணம் பேசின காலத்துல நான் இவளைப் பத்தி "பரவாயில்லை"ன்னு சொன்னது எப்படியோ காதுக்குப் போய், அதுக்கு இன்னமும் வட்டி வசூல் பண்றவ. நடந்து வெளியே வந்தவன் தானாத் திரும்பிப் போனா அப்புறம் எங்க தொழில்ல அவனை மனுஷனாவே மதிக்க மாட்டாங்கன்னு இவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது? படிக்கப் போறவளுக்காவது கவலை இருக்கான்னா, அதுவும் இல்லை. குத்துக்கல் மாதிரி இருக்கா. நல்லா சாப்பிடறா, பாட்டுப் பாடிக்கிட்டே பழைய மிக்ஸியைப் பிரிச்சுப் போடறா. "ஏண்டி, உனக்கு அந்த காலேஜ் வேணுமா வேண்டாமா?"ன்னு கேட்டா, "உங்களுக்குப் பிடிச்சிருக்காப்பா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறா. "எனக்கென்ன, சுமார்தான்"னேன். "அப்ப சரி"ன்னுட்டு மறுபடியும் பாட ஆரம்பிச்சுட்டா. வர்ற வெள்ளிக்கிழமையோட அங்கே சேர்க்கை முடியுது அக்கா. அது போச்சுன்னா இவளுக்கு நீரூற்று, இல்லாட்டி ஷோரூம் லேத். அந்தக் கை அந்த மிஷின் மேல இருந்ததை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை.

அதனாலதான் அத்தான் வேணும். எங்க தொழில்ல இரண்டாம் ஆள்னு ஒண்ணு உண்டு. முதல் ஆள் திட்டிட்டு வந்துட்டு, விக்கறவங்க கூப்பிடலைன்னா, ரெண்டு நாள் கழிச்சு இரண்டாம் ஆள் எதேச்சையா வர்ற மாதிரி போவார். அவர் கொஞ்சம் கம்மியாத் திட்டுவார். அப்புறம், "அன்னைக்கு வந்தாரே, அவர் ஒரு மாதிரி ஆள், ஆனா நான் சொன்னா கேப்பார்"னு சொல்லி விஷயத்தை முடிப்பார். இதுக்கு அத்தானைவிட்டா எனக்கு யாரும் இல்லை. அத்தானுக்கு இந்த வேலை வராதுன்னும் எனக்குத் தெரியும். ஒரு தடவை வாஷிங் மிஷின் பாக்க இரண்டாம் ஆளா அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? போனதும் "அடேயப்பா, என்ன ஒரு அருமையான மிஷின்! இதைப் போய் விக்கறீங்களே!"ன்னார். அவங்க விக்கறதையே நிறுத்திட்டாங்க. இன்னைக்கும் அந்த வீட்டுல அது ஓடிக்கிட்டிருக்கு. தபால் ஆபீஸ்ல முத்திரை குத்திக் குத்தியே காலம் போன மனுஷன், பொய் சொன்னா காது சிவந்துடும். அதனால அவருக்குப் புரியற மாதிரி எழுதறேன், நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடு. புதுச் சட்டை வேண்டாம். அந்த அம்மா உக்காரச் சொன்னா உக்காரக் கூடாது. ஒர்க்‌ஷாப்பைப் பாத்து வாயைப் பிளக்கக் கூடாது. எதைப் பாத்தாலும் "ம்ம்"னு மட்டும் சொல்லணும், அந்த "ம்ம்" கொஞ்சம் கசப்பா இருக்கணும். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு பழகச் சொல்லு. சிவில் கட்டடத்துப் பக்கம் தலை வச்சே படுக்கக் கூடாது, அந்தப் பெரியவர் அத்தானைப் பாத்தா அத்தானையே சேத்துக்குவார். கடைசியில போற போக்குல, "என் மச்சினன் பொண்ணுக்கு ஒரு சீட் இருந்தா, இருக்கட்டுமே"ன்னு சொல்லணும். கெஞ்சக் கூடாது. ஒருவேளை அந்த அம்மா "சரி"ன்னுட்டு மறுபடியும் கதவைத் திறந்துட்டாங்கன்னா, அப்பக் கெஞ்சலாம். கையைப் பிடிச்சுக்கூடக் கெஞ்சலாம், நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறை காலேஜ் படியேறத் தாங்கும் என்று நம்புகிறேன். தங்களுக்கும் அத்தானுக்கும் தம்பி பெண்டாட்டியின் அன்பான விசாரிப்புகளும், தங்கள் மருமகளின் வணக்கமும். தாங்கள் இருவரும் நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்து எங்களுக்கு ஆசி வழங்கவும், அதில் பெரும்பகுதியை இவள் பக்கம் திருப்பிவிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். அத்தான் கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டிருந்தா வந்து உக்காரச் சொல்லு.

உறையை ஒட்டப் பசை தேடிக்கிட்டிருந்தேன், போன் அடிச்சுது. நீரூற்றுப் பொண்ணுதான்னு நினைச்சு, எடுத்ததுமே "சாப்பிட்டாச்சும்மா"ன்னேன். "நல்லது"ன்னு ஒரு குரல். அந்தத் துறைத் தலைவர் அம்மா! வெள்ளிக்கிழமை காலையில பொண்ணைக் கூட்டிட்டு வரணுமாம், சான்றிதழ் எல்லாம் அசல் வேணுமாம், சீட்டை எடுத்து வச்சிருக்காங்களாம். நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே மேடம்னு உளறினேன். பேசாத அம்மா பேச ஆரம்பிச்சாங்க. "நீங்க சொன்னீங்க. அன்னைக்கு சாயங்காலமே உங்க பொண்ணு போன் பண்ணிச்சு. எங்கப்பாவுக்கு உங்க காலேஜ் ரொம்பப் பிடிச்சுப்போச்சு மேடம்னு சொல்லிச்சு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னாரேம்மான்னு கேட்டேன். பிடிக்காத இடத்துல எல்லாம் நல்லா இருக்குங்கன்னு கும்பிட்டுட்டு வந்துடுவார் மேடம், பிடிச்சாத்தான் திட்டுவார், நான் பொறந்ததிலேர்ந்து என்னைப் பத்தி யார்கிட்டயும் ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது, அதனால எனக்குத் தெரியும்னு சொல்லிச்சு. அப்பவே சீட்டை எழுதி வச்சுட்டேன்"னாங்க.

அக்கா, நான் அந்த அம்மாகிட்ட, லைன் சரியில்லை மேடம், கரகரன்னு இருக்குன்னு சொன்னேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு. வச்சுட்டுத் திரும்பினா இவ நிக்கறா. "ஏண்டி, இத்தனை நாளா என்னைத் தவிக்க விட்டுட்டு வேடிக்கையா பாத்தே?"ன்னு கத்தினேன். "பிடிச்சிருக்குன்னு ஒரு தடவையாவது வாயால சொல்லுவீங்கன்னு பாத்தேம்பா"ங்கறா. சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். "மூஞ்சியைக் கழுவு, எண்ணெய் வழியுது"ன்னுதான் வந்துச்சு. அதுக்கு அவ சிரிச்ச சிரிப்பை உன் தம்பி பெண்டாட்டியும் பாத்துட்டா.

வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரேன். நாலு வருஷம் உன் வீட்டுல இருக்கப் போறா, அதனால அவளைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். ஒண்ணுக்கும் உதவாது. சோம்பேறி. வாய் நீளம். சாப்பிட்ட தட்டை எடுக்காது, விளக்கை அணைக்காம தூங்கிடும், எந்தச் சாமானைக் கொடுத்தாலும் பிரிச்சுப் போட்டுடும். இவ்வளவு மோசமான பொண்ணை நான் எங்கேயும் பாத்ததே இல்லை. பத்திரமாப் பாத்துக்கோ அக்கா.